‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லை எந்த அகராதியில் பார்ப்பது? இலவச ஆங்கில அகராதித் தளங்கள்: ஒரு மதிப்பீடு

ஓர் அகராதித் தளம் எந்த அளவுக்கு உதவும் என்று சோதிக்க, பொருள்களின் பெயர்களைத் தேடிப் பயனில்லை. ‘லேடர்’ என்றால் ஏணி; அதில் எந்த அகராதியும் தவறாது. மனநிலையைச் சொல்லும் ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்த்தால்தான் தரம் வெளிப்படும். அதற்கு ‘ரிலக்டன்ட்’ நல்ல சொல். ஆங்கில நாளிதழ், நீதிமன்றச் செய்தி, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரை, ராஜினாமா கடிதம் என்று எங்கும் வருகிறது. ‘தயக்கம்’ என்று எல்லோருக்கும் ஓரளவு பொருளும் தெரியும். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். பின்னால் ‘டு’ வருமா, ‘ஃபார்’ வருமா? ‘ஹெசிடன்ட்’ போட்டால் என்ன வித்தியாசம்? ‘லோத்’ என்பது வெறுப்பா, விருப்பமின்மையா? இவற்றுக்கு நேரான பதில் தருகிற அகராதிதான் நமக்கு வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டவை ஐந்து தளங்கள்: லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், காலின்ஸ், மெரியம்-வெப்ஸ்டர். கூடவே கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்கும் அகராதிப் பெட்டி. எல்லாம் இலவசம், பதிலுக்கு விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதுவதற்காகப் பார்ப்பவர் முதலில் லாங்மேனைத் திறக்கட்டும். ஒத்த சொற்களுக்குள் எது பொருந்தும் என்று குழம்புகிறவருக்கு மெரியம்-வெப்ஸ்டர். உச்சரிப்புக்கும், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கும் ஆக்ஸ்ஃபோர்ட். கூகுள் பெட்டியோடு நின்றுவிடுவது மட்டும் வேண்டாம்.

கூகுள் பெட்டியில் என்ன குறை?

அந்தப் பெட்டியில் வருவது ஆக்ஸ்ஃபோர்ட் லாங்வேஜஸ் வழங்கும் விளக்கம். தரத்தில் குறையில்லை, ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்காக எழுதப்பட்டது. ‘ரிலக்டன்ட்’ என்று தேடினால் ‘அன்வில்லிங்’, ‘ஹெசிடன்ட்’, ‘டிஸ்இன்க்ளைன்ட்’ என்று மூன்று சொற்களை அடுக்கி விளக்கத்தை முடித்துவிடுகிறது. ஏற்கெனவே இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவர் ‘ரிலக்டன்ட்’டும் ‘ஹெசிடன்ட்’டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போவார். அந்த முடிவுதான் பின்னால் பத்து வாக்கியங்களைக் கெடுக்கிறது.

கற்பவருக்கான அகராதி என்பது தனி வகை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ.எஸ். ஹார்ன்பியும் அவருடைய இரண்டு துணையாசிரியர்களும் அங்கிருந்த மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் தன் பெயரில் வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதியின் வேர் அதுதான். சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு, அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் கட்டுவது எப்படி என்றும் காட்ட வேண்டும் என்பது ஹார்ன்பியின் கொள்கை. 1978-இல் வந்த லாங்மேன் அகராதி இன்னொரு படி ஏறி, எல்லா விளக்கங்களையும் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் எழுதியது. ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கப் போய், விளக்கத்தில் இருக்கும் மூன்று சொற்களுக்குப் பொருள் தேடும் தொல்லை அதோடு குறைந்தது.

ஒரே சொல், நான்கு விளக்கங்கள்

‘ரிலக்டன்ட்’டை இந்தத் தளங்களில் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால், ஒவ்வொன்றும் சொல்லின் ஒரு பக்கத்தைப் பிடிப்பது தெரியும்.

லாங்மேன் சொல்வது மிகச் சுருக்கம்: மெதுவாகவும் விருப்பமில்லாமலும். கேம்பிரிட்ஜ் அதையே காரணகாரியமாகக் கோக்கிறது: செய்ய விருப்பமில்லை, அதனால் செய்வதில் வேகமில்லை. காலின்ஸ் தளத்தில் வரும் கோபில்ட் அகராதி, ‘நீங்கள் ஒரு காரியத்தில் ரிலக்டன்ட் என்றால்’ என்று முழு வாக்கியமாகவே தொடங்குகிறது. விருப்பமில்லை, செய்வதற்கு முன் தயங்குகிறீர்கள், அல்லது மெதுவாக, உற்சாகமின்றிச் செய்கிறீர்கள் என்று விரித்துச் சொல்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த அகராதி இது. முழு வாக்கிய விளக்கம் என்பது அதன் அடையாளம். விளக்கத்தைப் படிக்கும்போதே ‘ரிலக்டன்ட் டு டூ’ என்ற வாக்கிய அமைப்பும் மனதில் ஏறிவிடும். ஆக்ஸ்ஃபோர்டோ, செய்ய விரும்பாததால் தயங்குவது, அல்லது அது சரியான செயலா என்று உறுதி இல்லாததால் தயங்குவது என்று இரண்டு காரணங்களைச் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ‘மெதுவாக’. மூன்று அகராதிகள் அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரிலக்டன்ட் ஆக இருப்பவர் மறுத்தவர் இல்லை. பல சமயம் கடைசியில் செய்தும் விடுவார். மனசு மட்டும் கூடவராது. கேம்பிரிட்ஜ் தரும் எடுத்துக்காட்டு, பொழுது இனிமையாகப் போனதால் கிளம்ப மனமே வரவில்லை என்று ஒருவர் சொல்வது. அவர் கிளம்பாமல் இருந்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை. ‘ரெஃப்யூஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில், மரியாதையாக இருக்கட்டும் என்று ‘ரிலக்டன்ட்’ போடுகிறவர்கள் உண்டு. படிப்பவர் அதை ‘கொஞ்சம் வற்புறுத்தினால் ஒப்புக்கொள்வார்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒப்பந்தம், விலை, விடுப்பு பற்றிய கடிதங்களில் இது வீண் சிக்கலைக் கொண்டுவரும்.

சொல்லின் வேரும் இதற்கு ஒத்துப்போகிறது. லத்தீனில் ‘லுக்தாரி’ என்றால் மல்லுக்கட்டுதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் எதிர்த்து மல்லுக்கட்டுதல். உள்ளே ஒரு இழுபறி நடக்கிறது என்பதுதான் சாரம். மெரியம்-வெப்ஸ்டர் இந்த வேரைத் தெளிவாகத் தருகிறது.

பின்னால் என்ன வரும்?

தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘போவதற்குத் தயங்குகிறான்’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால், அந்த ‘-அதற்கு’ ஆங்கிலத்தில் ‘ஃபார் கோயிங்’ ஆகிவிடுகிறது. ‘ரிலக்டன்ட் ஃபார் கோயிங்’, ‘ரிலக்டன்ட் இன் கோயிங்’ இரண்டும் தவறு. ‘ரிலக்டன்ட் டு கோ’ என்பதே சரி: ‘டு’, அதன் பின் வினையின் அடிவடிவம். ‘போகத் தயங்குகிறான்’ என்ற இன்னொரு தமிழ் வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டால் தவறு வராது. அது ‘டு கோ’வுக்கு நேராகப் பொருந்தும்.

‘ரிலக்டன்ட் டு கோயிங்’ என்று எழுதுவதும் பரவலான தவறு. பிடிக்காமல் விலகி நிற்பதைச் சொல்லும் ‘அவெர்ஸ்’ என்ற சொல்லால் வரும் குழப்பம் அது. ‘அவெர்ஸ் டு’வின் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘-இங்’ வடிவமோதான் வரும். ‘அவெர்ஸ் டு கோயிங்’ என்பதில் பிழையில்லை. இரண்டிலும் ‘டு’ இருக்கிறது, ஆனால் வேலை வேறு. இந்த வேறுபாட்டைக் கண்ணில் படும்படி வைத்திருப்பதில் லாங்மேன் முந்துகிறது. ‘ரிலக்டன்ட் டு டூ சம்திங்’ என்ற அமைப்பைத் தடித்த எழுத்தில் போட்டு, அதன் கீழேயே எடுத்துக்காட்டைத் தருகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களையே ஒலியாகக் கேட்கவும் வசதி வைத்திருக்கிறது. தனிச் சொல்லின் ஒலியைத் தருவதோடு மற்றவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வாக்கியத்துக்குள் ‘ரிலக்டன்ட் டு’ எப்படிச் சேர்ந்து ஒலிக்கிறது என்று கேட்பது பேச்சுக்குப் பெரிய உதவி. அழுத்தம் இரண்டாவது அசையில்: ரி-*லக்*-டன்ட். முதல் அசையை அழுத்துவது நம்மிடையே சாதாரணமாகக் கேட்கும் பிழை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் இந்தச் சொல் வரும். அங்கே ஆக்ஸ்ஃபோர்ட் சிறப்பாகச் செய்திருக்கிறது. ‘ரிலக்டன்ட் ஸ்மைல்’, ‘ரிலக்டன்ட் ஹீரோ’ என்று எடுத்துக்காட்டு கொடுத்து, இரண்டாவதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட்டு, தன்னை வீரன் என்று அழைப்பதை விரும்பாதவர் என்று விளக்குகிறது. அந்தச் சமக்குறி விளக்கம் இல்லாவிட்டால், ‘தயங்கும் வீரன்’ என்றால் பயந்தாங்கொள்ளி என்று நினைக்க வாய்ப்புண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்தைத் திறக்கிறவர்கள் இப்படிப்பட்ட அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகக் கூடாது. தொகுத்தவர்களின் அக்கறை அங்கேதான் இருக்கிறது. கீழே சேர்க்கைச் சொற்கள் என்று ஒரு மடிப்புப் பெட்டியும் பல சொற்களுக்கு இருக்கும். தட்டினால்தான் விரியும், போனில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

அதேபோல் ‘ரிலக்டன்ட் ரீடர்’ என்று குழந்தைகள் நூலகங்களில் புழங்கும் தொடர். படிக்கத் தெரிந்தும் படிப்பில் விருப்பம் காட்டாத குழந்தை என்று பொருள். எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தை வேறு. இதைத் ‘தயங்கும் வாசகர்’ என்று பெயர்த்தால் பொருள் போய்விடும். ‘ரிலக்டன்ட் விட்னஸ்’ என்பதும் அப்படித்தான். சாட்சி சொல்ல விருப்பமில்லாமல் வருகிறவர் அவர். நம் நாளிதழ்கள் ‘பிறழ் சாட்சி’ என்று எழுதுவது ‘ஹாஸ்டைல் விட்னஸ்’; அவர் தம்மை அழைத்த தரப்புக்கே எதிராகச் சொல்கிறவர். நீதிமன்றச் செய்தியை மொழிபெயர்ப்பவர் இரண்டையும் மாற்றிப் போட்டால் செய்தியே தலைகீழாகும்.

வினையடை ‘ரிலக்டன்ட்லி’க்கு ‘அரைமனதோடு’ நன்றாகப் பொருந்தும். பெயர்ச்சொல் ‘ரிலக்டன்ஸ்’ கடிதங்களில் ‘வித் கிரேட் ரிலக்டன்ஸ்’ என்று வரும். ராஜினாமா கடிதத்தின் முதல் வரியில் இதைப் பார்க்கலாம். ‘மனமே இல்லாமல் இந்த முடிவை எடுக்கிறேன்’ என்பது அதன் தொனி.

‘லோத்’தும் கடைசியில் ஓர் ‘இ’யும்

ஒரு தளத்தின் நுணுக்கத்தைச் சோதிக்க இதைவிடக் கடினமான சொல் இந்தக் குடும்பத்தில் இல்லை. எல், ஓ, ஏ, டி, எச் என்று முடிந்தால் அது பெயரடை: மனம் ஒப்பாத. கடைசியில் ‘இ’ சேர்ந்தால் வினை: அருவருத்து வெறுத்தல். ‘ஐ ஆம் லோத் டு கோ’ என்றால் போக மனம் ஒப்பவில்லை. வினையை வைத்து எழுதினால் ஆளையோ பொருளையோ கடுமையாக வெறுப்பதாகிவிடும். ஒரே எழுத்துதான் வேறுபாடு. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அது சின்ன வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் பழைய ஆங்கிலத்தில் வேர் ஒன்றே. வெறுப்பு, பகை என்ற பொருளில் வந்தது. காலப்போக்கில் பெயரடை மட்டும் தணிந்து ‘விருப்பமின்மை’ ஆயிற்று.

உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. பெயரடையின் கடைசி ஒலி ‘தேங்க்ஸ்’ என்பதன் முதல் ஒலி. வினையின் கடைசி ஒலி ‘திஸ்’ என்பதன் முதல் ஒலி. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் பின்னதில் அதிர்வு தெரியும், முன்னதில் தெரியாது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘லோத்’ என்றுதான் எழுத முடியும் என்பதால் காதால் கேட்டே பழக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சர்வதேச ஒலிக்குறிகளைப் பயன்படுத்துகின்றன. நடுவே கோடு போட்ட வட்டம் அதிர்வில்லாத ஒலிக்கு, தலையில் குறுக்குக் கோடு போட்ட வளைந்த குறி அதிர்வுள்ள ஒலிக்கு. மெரியம்-வெப்ஸ்டருக்குத் தனிக் குறியீட்டு முறை. டி-எச் எழுத்துகளின் கீழ்க் கோடிட்டால் அதிர்வுள்ளது என்று பொருள். அதைத் தெரியாமல் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அமெரிக்க வழக்கில் பெயரடையைச் சிலர் அதிர்வொலியோடும் சொல்கிறார்கள். அதையும் வெப்ஸ்டர் பதிவு செய்கிறது.

வழக்கைப் பதிவு செய்வதே அகராதியின் வேலை என்பது வெப்ஸ்டரின் மரபு. அது சரியான மரபும்கூட. ஆனால் தேர்வு எழுதுகிறவர், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் அதைப் பார்த்து ‘எப்படிச் சொன்னாலும் எழுதினாலும் சரி’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரடையை ‘இ’ இல்லாமல் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘லோத்சம்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை: அருவருப்பான என்று பொருள், ஆனாலும் நடுவே ‘இ’ வராது.

லாங்மேனும் கேம்பிரிட்ஜும் இந்தச் சொல்லை ‘பீ லோத் டு டூ சம்திங்’ என்று தொடராகவே கொடுத்திருப்பது பாராட்டத்தக்கது. இந்தச் சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சாதாரணமாக வராது, பின்னால் ‘டு’வும் வினையும் வரும் என்ற இரண்டு விதிகளை அந்தத் தொடரே சொல்லிவிடுகிறது. முறைசார்ந்த நடைக்கு உரியது என்று காட்டும் ‘ஃபார்மல்’ என்ற முத்திரையும் இருக்கும். ஆங்கிலத் தலையங்கத்தில் பொருந்தும் சொல். நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் ஒட்டாது.

வெப்ஸ்டரின் ஒப்பீட்டுப் பத்தி

மெரியம்-வெப்ஸ்டரில் ‘ரிலக்டன்ட்’ அல்லது ‘டிஸ்இன்க்ளைன்ட்’ பக்கத்தைத் திறந்து, விளக்கத்தைத் தாண்டிக் கீழே இறங்குங்கள். ஒத்த சொற்களை ஒப்பிடும் ஒரு சிறு பத்தி இருக்கும். விளம்பரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்து தளங்களிலும் இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கிற ஆகச் சிறந்த உதவி அதுதான்.

அதன் சாரம் இது. ‘டிஸ்இன்க்ளைன்ட்’ என்றால் நாட்டம் இல்லை, ருசி இல்லை. உள்ளே போராட்டம் ஏதுமில்லை. ‘ஹெசிடன்ட்’ என்றால் அச்சத்தாலோ உறுதியின்மையாலோ பின்வாங்குவது. ‘ரிலக்டன்ட்’ என்றால் விருப்பமின்மையால் பின்வாங்குவது. ‘லோத்’ என்றால் தன் கருத்துக்கோ விருப்பத்துக்கோ முரணாக இருப்பதால் ஒப்பாமை. ‘அவெர்ஸ்’ என்றால் பிடிக்காததால் விலகி நிற்பது.

தமிழில் இவற்றையெல்லாம் ‘தயக்கம்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம், தேவையே இல்லை. நாட்டமில்லை, தயங்குகிறேன், மனம் வரவில்லை, மனம் ஒப்பவில்லை, ஆகாது என்று நமக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லைத் தேர்வது எளிது. கடைக்காரர் புது மென்பொருளைப் பயன்படுத்த ‘ஹெசிடன்ட்’ என்றால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். ‘ரிலக்டன்ட்’ என்றால் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. அவருக்கு விருப்பமே இல்லை. சொல்லை மாற்றினால் செய்ய வேண்டிய காரியமே மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகத் தடுப்பூசித் தயக்கத்தைச் சேர்த்தபோது, அதற்கு வைத்த ஆங்கிலச் சொல் ‘ஹெசிடன்சி’. அங்கே ‘தயக்கம்’ சரியான தமிழ்.

அலுவலகக் கடிதத்தின் கடைசி வரியும் இதற்குள் அடங்கும். ‘தயங்காமல் தொடர்பு கொள்ளவும்’ என்பதற்கு ‘டோன்ட் ஹெசிடேட் டு’ என்பதே வழக்கு. ‘டோன்ட் பீ ரிலக்டன்ட் டு’ என்று எழுதினால், ‘உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் கூப்பிடுங்கள்’ என்ற வாடை வரும்.

‘ரெடிசென்ட்’ பற்றியும் வெப்ஸ்டர் நேர்மையாகப் பேசுகிறது. லத்தீனில் வாய் திறவாமல் இருப்பது அதன் வேர்ப்பொருள். அதிகம் பேசாத, தன்னைப் பற்றி வெளியே சொல்லாத என்பதுதான் நிலைத்த பொருள். இப்போது பலரும் ‘ரெடிசென்ட் டு’ என்று ‘ரிலக்டன்ட்’டுக்குப் பதிலாக எழுதுகிறார்கள், அந்தப் பொருளையும் வெப்ஸ்டர் பட்டியலிடுகிறது. எழுதுகிறவருக்கு எங்கள் பரிந்துரை: பேசுவது தொடர்பான தயக்கத்துக்கு மட்டும் ‘ரெடிசென்ட்’ வையுங்கள். கார் வாங்க ‘ரெடிசென்ட்’ என்று எழுதினால் திருத்துபவரின் பேனா அங்கே நிற்கும்.

‘க்ரட்ஜிங்’

இது ஆளின் மனநிலையை ‘டு’ போட்டுச் சொல்லும் சொல் இல்லை; செயலின், உணர்வின் மேல் ஏறும். ‘க்ரட்ஜிங் ரெஸ்பெக்ட்’, ‘க்ரட்ஜிங் அட்மிரேஷன்’ என்று வரும். எதிரியைப் பிடிக்காது, ஆனாலும் அவன் திறமையை மதிக்காமல் இருக்க முடியவில்லை என்ற நிலை. தமிழில் ‘வேண்டாவெறுப்பாக’ என்பது செயலுக்கு ஒத்துவரும், மரியாதைக்கு ஒத்துவராது. அங்கே ‘மனமில்லாமல் தந்த மரியாதை’ என்று விரித்துத்தான் எழுத வேண்டும். வினை ‘பிக்ரட்ஜ்’க்கு இரண்டு பொருள்: ஒருவருக்குக் கிடைத்ததைக் கண்டு பொறாமைப்படுவது, கொடுப்பதற்கோ செலவழிப்பதற்கோ மனம் வராமல் இருப்பது. நம் இருமொழி அகராதிகள் சிலவற்றில் முதல் பொருள் மட்டும் இருக்கும். அதை நம்பினால் ‘வரி கட்ட எனக்கு மனவருத்தமில்லை’ என்ற வாக்கியம் ‘வரி கட்டப் பொறாமை இல்லை’ என்று திரும்பிவிடும்.

தமிழ் வேண்டுமென்றால்

கேம்பிரிட்ஜ் தளத்திலேயே ஆங்கிலம்-தமிழ் அகராதி இருக்கிறது. மொழித் தெரிவில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், ஆங்கில விளக்கமும் எடுத்துக்காட்டும் தமிழ்ச் சொல்லும் ஒரே திரையில் வரும். அமைப்பு அருமை. பரப்புதான் போதாது, அடிப்படைச் சொற்களைத் தாண்டினால் பலவற்றுக்குத் தமிழ் கிடைக்காது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்வளத்துக்கு அதற்கு ஈடு குறைவு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை மட்டும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவருக்கான கருவி அது. மொழிபெயர்ப்பாளர்கள் அதோடு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருளும், புழக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டும் தரும் அகராதி. ‘தயங்கு’ என்ற சொல்லை அங்கே பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தால் எங்கே பொருந்துகிறது, எங்கே பிதுங்குகிறது என்பது தெளிவாகும்.

மொழிபெயர்ப்புக் கருவிகளில் தனிச் சொல்லைப் போடாதீர்கள்; முழு வாக்கியத்தையும் போடுங்கள். வந்த தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘ரிலக்டன்ட்’ போய் ‘ஹெசிடன்ட்’ திரும்பி வந்தால், இடையில் தமிழ் ‘தயக்கம்’ என்று நின்றிருக்கிறது என்று பொருள்.

எடுத்துக்காட்டு இன்னும் வேண்டுமா?

ஸ்கெல் என்று ஒரு தளம் இருக்கிறது. ஸ்கெட்ச் என்ஜின் நிறுவனத்தார் நடத்துவது. பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணமில்லை. சொல்லைத் தட்டினால் உண்மையான எழுத்துகளிலிருந்து 40 வாக்கியங்கள் வரை காட்டும். ‘வேர்ட் ஸ்கெட்ச்’ பகுதியில், எந்த வினையடைகள் முன்னால் வருகின்றன, எந்தப் பெயர்ச்சொற்கள் பின்னால் வருகின்றன என்று பிரித்துக் கொடுக்கும். அகராதியில் பொருள் பார்த்த பிறகு இங்கே வர வேண்டும். முதலிலேயே வந்தால் வாக்கியக் குவியலில் தொலைந்துபோவோம். லாங்மேன், கேம்பிரிட்ஜ் பக்கங்களின் அடியிலும் இப்படித் தானாகத் திரட்டிய வாக்கியங்கள் உண்டு. அவை தொகுப்பாசிரியர் எழுதியவை அல்ல. மேலே இருக்கும் எடுத்துக்காட்டுகளுக்குத்தான் முதல் மதிப்பு.

காலின்ஸில் காலவாரியாகச் சொல்லின் புழக்கத்தைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. பழஞ்சொல்லா, இன்றும் உள்ளதா என்று பார்க்க உதவும். ஆனால் ஒரே பக்கத்தில் கோபில்ட், காலின்ஸ் பேரகராதி, அமெரிக்க அகராதி என்று மூன்று வரிசையாக வருவதால், எதில் நிற்கிறோம் என்று தெரியாமல் போகும். கற்பவர்கள் கோபில்ட் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மேக்மில்லன் அகராதித் தளத்தைப் பழைய புத்தகங்கள் பரிந்துரைப்பதைப் பார்க்கலாம். அது 2023-இல் மூடப்பட்டுவிட்டது.

பொறியியல் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. மின்னியல் பாடத்தில் வரும் ‘ரிலக்டன்ஸ்’ மனத்தைச் சேர்ந்ததில்லை. காந்தச் சுற்று ஒன்று காந்தப் பாயத்துக்குக் காட்டும் எதிர்ப்பு அது. 1888-இல் இயற்பியலாளர் ஆலிவர் ஹெவிசைட் இந்தப் பெயரை வைத்தார். மின்சுற்றில் மின்தடை எப்படியோ, காந்தச் சுற்றில் இது அப்படி. ‘ஸ்விட்ச்ட் ரிலக்டன்ஸ் மோட்டார்’ பற்றிய கட்டுரையை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘தயக்க மோட்டார்’ வந்து நிற்கக்கூடும். அகராதியில் முதல் பொருளோடு நிறுத்தாமல், இயற்பியல் முத்திரை உள்ள பொருளைத் தேட வேண்டும். மெரியம்-வெப்ஸ்டரில் ‘ரிலக்டன்ஸ்’ பக்கத்திலேயே அது இருக்கிறது.